திருமேனிகளின் காலமும் காப்பும்

(கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் உற்சவத் திருமேனியை அன்பர் காணும் கண் வேறு; அதே திருமேனியை இரசாயன அறிஞர் காணும் கண் வேறு. முன்னவர் அருளைக் காண்கின்றார். பின்னவர் செம்பையும் ஈயத்தையும் காண்கின்றார். இவ்விரு பார்வையும் ஒன்றுக்கொன்று பகை என எண்ணுவோர் இரு திறத்தாரிலும் உளர். ஆயினும், சிவபுரத்தில் நிகழ்ந்ததை அறிந்தவர் அவ்வாறு எண்ணத் துணியார்.

கும்பகோணத்தை அடுத்த சிவபுரம் என்னும் ஊரில் 1951ஆம் ஆண்டில் நிலத்தடியிலிருந்து செப்புத் திருமேனிகள் ஆறு வெளிப்பட்டன. அவற்றுள் நடராசப் பெருமான் திருவுருவம் தலைசிறந்தது. சோழர் காலத்து வார்ப்புத் திறத்திற்குச் சான்றாக நிற்கத் தக்கது. அரசினர் அவற்றைத் திருக்கோயிலுக்கே அளித்தனர். நெடுங்காலம் மண்ணிற் கிடந்தமையால் நேர்ந்த பழுதுகளை நீக்கும் பொருட்டு, 1950களின் நடுவில் அவை செப்பனிடுவார் ஒருவரிடம் ஒப்புவிக்கப்பெற்றன. சென்றது ஒன்று, திரும்பி வந்தது மற்றொன்று. பழைய திருமேனியைப் பார்த்து வார்க்கப்பெற்ற புதிய பிரதி ஒன்று கோயிலில் வந்து அமர்ந்தது. மூலத் திருமேனியோ கைமாறிக் கைமாறிப் பம்பாய்க்கும், அங்கிருந்து நியூயார்க்குக்கும் சென்று, 1973இல் கலிபோர்னியாவில் உள்ள நார்ட்டன் சைமன் அறநிறுவனத்தால் ஏறத்தாழ 9 லட்சம் டாலர் விலைக்கு வாங்கப்பெற்றது.

இம்மாற்றம் ஊரில் எவருக்கும் புலப்படவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்பார் 1965இல் வெளியிட்ட முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய நூலில்தான், கோயிலில் இருப்பது அண்மைக்காலப் பிரதியே என்னும் செய்தி அச்சேறியது. பின்னர் வழக்கு எழுந்தது, உடன்பாடு ஏற்பட்டது, 1986இல் பெருமான் தாயகம் மீண்டார். ஈண்டு அன்பர்கள் கருத வேண்டுவது ஒன்று. உண்மையும் போலியும் ஒரே உருவினவாக நிற்கும்போது, எது எது என்று உரைப்பதற்குப் பக்தி மட்டும் போதவில்லை. ஊரார் பக்தியிற் குறையுடையோர் அல்லர். அவர்களிடம் இல்லாதது பக்தியன்று; அளவுக் குறிப்பும், எடைக் குறிப்பும், பழைய நிழற்படமுமே ஆகும்.

இனி, ஒரு திருமேனியின் காலத்தை அறியும் வழிகள் யாவை என்பதைக் காண்போம். பழம்பொருளின் காலத்தைக் கணிக்கும் கருவி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கரிமக் கணிப்பு ஆகும். சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லார்டு லிபி என்பார் 1940களின் இறுதியில் இம்முறையை நிறுவி, அதற்காக 1960இல் நோபல் பரிசு பெற்றார். உயிருள்ள மரமும் விலங்கும் காற்றிலுள்ள கதிரியக்கக் கரிமத்தை இடையறாது ஏற்கின்றன; உயிர் நீங்கியபின் ஏற்பது நின்றுவிடும்; உள்ளே இருந்தது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். எஞ்சியதை அளந்தால் உயிர் நீங்கிய காலம் தெரியும். மரத் திருவுருவங்களுக்கும், தேர்ச் சட்டங்களுக்கும், அகழாய்வுக் குழியில் அகப்படும் அடுப்புக்கரிக்கும் இது பொருந்தும். அங்கும் ஒரு நுட்பம் உண்டு: அது சொல்வது மரம் வளர்ந்த காலத்தையே அன்றித் தச்சன் உளி வைத்த காலத்தை அன்று. உலோகத்திற்கோ இம்முறை உதவாது. செம்பிற்கு உயிரும் இல்லை, அது காற்றிலிருந்து கரிமத்தை ஏற்பதும் இல்லை.

சுட்ட மண்ணின் காலத்தைக் காட்டும் வெப்ப ஒளிர்வு முறை என்று ஒன்று உண்டு. மண்ணிலுள்ள மணற் பளிங்குகள் சுற்றுப்புறக் கதிர்வீச்சின் ஆற்றலை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேமித்து வைக்கின்றன. சூளையில் இடும்போது அச்சேமிப்பு முழுதும் ஒளியாக வெளிப்பட்டுக் கணக்குப் பூச்சியத்திற்குத் திரும்பும். மீண்டும் சேர்ந்ததை அளந்து, கடைசியாகச் சுட்ட காலத்தைக் கூறலாம். பொள்ளலாக வார்க்கப்படும் உருவங்களுக்குள் மண் கரு நிற்குமாதலால், பிற நாட்டுப் படிமங்கள் பலவற்றின் காலத்தை இவ்வாறு கண்டனர். ஆனால், சோழ நாட்டு ஸ்தபதிகள் பெரும்பாலும் கனவார்ப்பாகவே வார்த்தனர். மெழுகில் உருவம் சமைத்து, வண்டல் மண்ணால் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, வெற்றிடத்தில் உலோகத்தை நிரப்பும் முறை அது. உச்சி முதல் உள்ளங்கால் வரை உலோகமே. உள்ளே மண் இல்லை. ஆகவே, எத்திறம் நம் முன்னோர் பெருமையாகப் பேசப்படுகின்றதோ, அதுவே விஞ்ஞானியின் கையைக் கட்டிவிட்டது!

அப்படியாயின் காலம் காண்பது எங்ஙனம்? கல்வெட்டே முதற் சான்று. திருவெண்காட்டில் 1950களின் தொடக்கத்தில் நிலத்தடியிலிருந்து வெளிப்பட்டு, இப்பொழுது தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள இடபவாகன மூர்த்தியைக் காணாதார் இலர். தலைப்பாகை போலச் சுற்றிய சடையும், இல்லாத இடபத்தின்மேல் சாய்ந்த கையும் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. அத்திருமேனி முதலாம் இராசராசன் காலத்தில் 1011இலும், தேவியார் திருமேனி அடுத்த ஆண்டிலும் எடுக்கப்பெற்றமை அவ்வூர்க் கல்வெட்டுக்களால் விளங்குகின்றது. இவ்வாறு ஆண்டு துணியப்பெற்ற திருமேனி ஒன்று கிடைத்தால், அதன் ஆடை மடிப்பையும் அணிகலனையும் அளவாகக் கொண்டு மற்றவற்றை மதிப்பிடலாம். ஆயினும், கண்ணால் மதிப்பிடுவோர் இருவர் கூடின் கருத்தும் இரண்டாவது இயல்பு. அவ்விடத்தில்தான் உலோகத்தையே வினவும் புதிய முறை பயன்பட்டது.

திருமேனிகளை ஐம்பொன் என்று அழைப்பது மரபு. பகுத்துப் பார்த்தபோது, செம்பே பெரும்பகுதியாகவும், வெள்ளீயமும் காரீயமும் சில விழுக்காடாகவும், பொன்னும் வெள்ளியும் மிகச் சிறு சுவடாகவுமே பழைய திருமேனிகள் பலவற்றில் காணப்பட்டன. இதனால் அன்பர் மனம் சோர வேண்டுவதில்லை. காரீயம் உருகிய உலோகத்தை நீர்போல் ஓடச் செய்து, விரல் நுனியிலும் சடையின் இடுக்கிலும் புகுவிப்பது. அவ்வீயத்திடம் வேறொரு சிறப்பும் உண்டு. ஈயத்தின் அணுக்களில் எடை வேறுபட்ட நான்கு வகை கலந்திருக்கின்றன. அவற்றுள் மூன்று, யுரேனியமும் தோரியமும் சிதைவதால் பெருகுவன. எனவே, ஒவ்வொரு சுரங்கத்தின் ஈயத்திற்கும், தாது உருவான காலத்தைப் பொறுத்து, இந்நான்கின் விகிதம் தனித்தனியே அமையும். உருக்கினாலும் வார்த்தாலும் விகிதம் மாறுவதில்லை. பேராசிரியர் சாரதா சீனிவாசன் இம்முறையில் தென்னாட்டுத் திருமேனிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை 1990களில் ஆராய்ந்தார். அருங்காட்சியகங்களில் இருந்த திருமேனிகளிலிருந்து உருவம் கெடாவண்ணம் மிகச் சிறு துகளே எடுக்கப்பெற்றது. பல்லவர், சோழர், விசயநகரத்தார் எனக் காலந்தோறும் ஈய விகிதம் தனித்தனிக் கூட்டமாக நிற்பதை அவர் கண்டார். நடராச வடிவம் சோழர் காலத்தில்தான் உலோகத்தில் எழுந்தது என்று அதுவரை நூல்கள் கூறிவந்தன. அவ்வடிவத் திருமேனிகள் இரண்டு பல்லவர் காலத்தனவாதல் கூடும் என்று அவருடைய ஆய்வு காட்டியது. தில்லைக் கூத்தனின் உலோக வடிவிற்கு ஒரு நூற்றாண்டு மூப்பைக் கூட்டித் தந்தது ஈயத் துகளே!

இத்தகைய சான்றுகளை அயல்நாட்டு நீதிமன்றமும் எடைபோட்டது. பத்தூர் என்பது பழைய தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர். அங்கே பாழடைந்து கிடந்த சிவாலயத்தின் அருகே 1976இல் கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணை வெட்டியபோது நடராசத் திருமேனி அகப்பட்டது. இரகசியமாக விற்கப்பெற்று, பல கை மாறி, 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றின் உடைமையாயிற்று. செப்பனிடுவதற்காக இலண்டனில் ஒப்புவிக்கப்பெற்றிருந்தபோது காவல் துறையினர் அதனைக் கைப்பற்றினர். ‘இது பத்தூரில் கிடைத்ததுதானா?’ என்பதே வழக்கின் முதற் கேள்வி. பத்தூரில் அதே புதையலைச் சேர்ந்த வேறு திருமேனிகள் பின்னர் வெளிப்பட்டிருந்தமை நல்வினைப் பயனாயிற்று. டாக்டர் இரா. நாகசாமி சிற்பக் கூறுகளை எடுத்துரைத்துச் சான்று பகர்ந்தார். உலோகக் கூறும், மேனியில் ஒட்டிய மண்ணும் ஒப்பிட்டுப் பார்க்கப்பெற்றன. மண்ணுக்குள் கறையான் ஊர்ந்த தடமும்கூடச் சான்றாக வந்து நின்றது. சாட்சி சொல்ல வாயில்லாத கறையான், இலண்டன் நீதிபதியின் முன் பெருமானுக்காகச் சாட்சி கூறியதென்றே கொள்ளலாம். 1988இல் தீர்ப்புக் கிடைத்தது. 1991இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. வழிபாடின்றிப் பாழ்பட்டு நின்ற கோயிலுக்கும் தன் திருமேனியைக் கேட்டு வழக்காடும் உரிமை உண்டு என்பதை ஆங்கில நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டே பெருமான் தமிழகம் வந்து சேர்ந்தார்.

போலிகளைக் கண்டறிவதிலும் ஈயம் உதவும். ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். ஹாலந்து நாட்டு வான் மீகெரன் என்பான், வெர்மீர் என்னும் 17ஆம் நூற்றாண்டு ஓவியர் தீட்டியவை என்று சொல்லத்தக்க படங்களைத் தானே தீட்டினான். 1937இல் ராட்டர்டாம் அருங்காட்சியகம் அவற்றுள் ஒன்றைப் பெருவிலைக்கு வாங்கிக் கொண்டாடியது. 1945இல் கைதாகித் தானே உண்மையை ஒப்புக்கொண்ட பின்னும் சில வல்லுநர் நம்ப மறுத்தனர்! புதிதாக உருக்கிய ஈயத்தில் 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் ஒருவகைக் கதிரியக்க அணு இருக்கும். சில நூற்றாண்டு கடந்த ஈயத்தில் அது அநேகமாகத் தீர்ந்திருக்கும். 1968இல் அப்படத்தின் ஈய வெள்ளையை இவ்வழியில் அளந்தபோது ஐயம் ஒழிந்தது. வல்லுநரின் தன்முனைப்பைவிட ஈயம் நேர்மையானது போலும்.

நம் நாட்டுப் போலிகள் வேறு வகையின. புது வார்ப்பை அமிலத்திலும் உப்பிலும் தோய்த்து, மண்ணிற் புதைத்து, பச்சைக் களிம்பு ஏற்றிப் பழமை போலக் காட்டுவர். நூற்றாண்டுக் கணக்கில் இயற்கையாக ஏறிய களிம்போ, உலோகத்தை ஒட்டிச் சிவந்த படலமும் அதன்மேல் பச்சைப் படலமுமாக அடுக்கடுக்காய் நிற்கும். உலோகத்தின் மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளினூடே உள்ளேயும் வேரோடியிருக்கும். ஏற்றிய களிம்பு மேலாகவே நிற்கும். நுண்பெருக்கிக் கண்ணாடி இதனை எளிதில் காட்டிவிடும். ஊடுகதிர் கொண்டு பார்த்தால் உள்ளே உள்ள ஒட்டும், இணைப்பும், வார்ப்பின்போது அகப்பட்ட காற்றுக் குமிழும் புலனாகும். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தாரும் சென்னை அருங்காட்சியகத்தாரும் சேர்ந்து இத்துறையில் உழைத்துள்ளனர். ஒரு மனிதரின் கைரேகை மற்றொருவருக்கு அமையாதவாறு, ஒரு வார்ப்பின் உட்குமிழ்கள் மற்றொரு வார்ப்பில் அவ்வாறே அமைவதில்லை. வெளியுருவை எவ்வளவு திறம்படப் பிரதி செய்தாலும் உள்ளிருக்கும் குமிழைப் பிரதி செய்ய எந்தச் சிற்பியாலும் இயலாது. சிவபுரத்துப் பெருமானுக்கு அத்தகைய படம் ஒன்று முன்பே இருந்திருக்குமாயின்!

இனிக் காப்பு முறை. இதுவே திருப்பணி அன்பர்கள் மிகவும் கவனிக்கத் தக்கது. 1311இல் மாலிக் காபூர் படையெடுத்து வந்தான். அத்தகைய கலக காலங்களில் திருமேனிகளை முன்னோர் மண்ணிற் புதைத்துக் காத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. மண் பகைவரிடமிருந்து காத்தது, தன்னிடமிருந்து காக்கவில்லை. நிலத்தடி நீரில் உள்ள உப்பு செம்போடு கூடிப் படலத்தினடியில் ஒளிந்து நிற்கும். திருமேனியை வெளியே எடுத்தபின் காற்றும் ஈரமும் பட்டவுடன் அது விழித்தெழும். வெளிறிய பச்சைத் தூளாகப் பூக்கும். பூக்கும்போதே அமிலத்தையும் உண்டாக்கும். அவ்வமிலம் உள்ளிருக்கும் நல்ல செம்பை மீண்டும் அரிக்கும். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாக, திருமேனி முழுதும் தூளாகும் வரை இது ஓயாது. வெண்கல நோய் என்றே இதற்குப் பெயரிட்டுள்ளனர். பச்சையாய் இருப்பதெல்லாம் நோயன்று; கெட்டியாக, வழவழப்பாக ஒட்டிய களிம்பு திருமேனிக்குக் கவசம். தொட்டால் விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூளே நோய்.

இந்நோய்க்கு மருந்து கண்டவருள் முன்னோடி, சென்னை அரசினர் அருங்காட்சியகத்து இரசாயன அறிஞர் டாக்டர் எஸ். பரமசிவன். 1930களில் அவர் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். காரநீர்த் தொட்டியில் திருமேனியை இறக்கி, எதிர்முனையாக்கி, இரும்புத் தகட்டை நேர்முனையாக்கி, மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால் உப்பு திருமேனியை விட்டு விலகித் தகட்டை நோக்கிச் செல்லும். மேலோடு தளர்ந்து உதிரும். மறைந்திருந்த கண்ணும் புன்முறுவலும் மீண்டும் தோன்றும். மண்கட்டி போலிருந்த பல திருவுருவங்கள் அவ்வாய்வுக்கூடத்தில் மறுபிறவி எய்தின. எனினும், பிற்கால அறிஞர் இம்முறையை எங்கும் எப்போதும் கையாள உடன்படுவதில்லை. மேலோட்டோடு அதில் பதிந்துள்ள வரலாறும் போய்விடுமாதலால், நோயுற்ற இடத்திற்கு மட்டும் மருந்திட்டு, ஈரம் குறைந்த அறையில் வைத்துக் காப்பதையே முதலில் நாடுகின்றனர். அது தக்கதே.

வழிபாட்டில் உள்ள திருமேனியின் நிலை வேறு. அதை ஈரமற்ற கண்ணாடிப் பேழையில் அடைத்தல் ஆகாது. அபிஷேகம் நிகழ்ந்தே தீர வேண்டும். அபிஷேகத்தால் கேடு இல்லை. அதன்பின் செய்யும் சோம்பலால்தான் கேடு. எலுமிச்சைச் சாறும் தயிரும் புளிப்புடையன. இளநீரில் உப்பு உண்டு. நல்ல நீரால் முற்றும் கழுவி, பருத்தித் துணியால் பீடத்தின் இடுக்கு வரை ஒற்றி உலர்த்தினால் தீங்கு அணுகாது. பளபளப்பு வேண்டிப் புளியும் செங்கற்பொடியும் இட்டு மாதந்தோறும் தேய்த்தலே பெருந்தீங்கு. இவ்வாறு தேய்ந்து முகம் மழுங்கிய திருமேனிகள் பல. மழுங்கிய பின்னர்க் கண்ணையும் மூக்கையும் புதிதாக வெட்டுவிப்பதும் உண்டு. அதன்பின் பழைய ஸ்தபதியின் கைத்திறத்தை எவரும் மீட்க இயலாது.

தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் வரலாறும் கேட்கத் தக்கது. கருவறையைச் சுற்றிய இருண்ட நடைவழியில் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி விளக்கேந்திச் சென்றபோது, உதிர்ந்த சுதைக்கு அடியில் வேறொரு ஓவியம் தெரிந்தது. மேலே இருந்தது நாயக்கர் காலத்தது. அடியில் ஒளிந்திருந்தது சோழர் காலத்தது. சுந்தரர் வெள்ளானைமேல் கயிலை செல்வதும், முப்புரம் எரித்த பெருமான் தேர்மேல் நிற்பதும் அங்கே தீட்டப்பெற்றிருந்தன. பரமசிவன் அச்சுதையையும் வண்ணத்தையும் பகுத்து ஆராய்ந்து, ஈரச் சுண்ணத்தின்மேல் தீட்டும் முறை இது எனத் துணிந்தார். சுண்ணம் உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக மாறுகின்றது. காவியும் மஞ்சளும் அக்கல்லுக்குள் சிறைப்படுகின்றன. ஆயிரம் ஆண்டு நின்றமைக்குக் காரணம் அதுவே. நாயக்கர் காலத்தார் தம் திருப்பணியில் பழைய ஓவியத்தை மூடினர். மூடியதனாலேயே அது தப்பியது! பின்னாளில் தொல்லியல் துறையினர் மேற்படலத்தைச் சிதையாமல் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றி, அடியிலுள்ளதையும் வெளிக்கொணர்ந்தனர். இரு காலத்து ஓவியமும் பிழைத்தன.

எல்லாத் திருப்பணியும் இத்துணை நற்பேறு உடையதன்று. அழுத்திய காற்றில் மணலைப் பீச்சிக் கருங்கற் சுவரைத் தூய்மை செய்யும் வழக்கம் நெடுநாள் பரவியிருந்தது. அழுக்கோடு கல்லின் மேற்றோலும் போயிற்று. கல்வெட்டு எழுத்தின் விளிம்பும், சிற்பத்தின் நகக்கண்ணும் போயின. நன்கொடையாளர் மனமுவந்து அளித்த பொருளே, முன்னொரு நன்கொடையாளர் பெயரைச் சுவரிலிருந்து அழித்தது! பழைய சுண்ணக் காரைக்கு மாற்றாகச் சிமெண்டு பூசுவதும் இத்தன்மையதே. சிமெண்டு இறுகியது, ஈரத்தை வெளியே விடாது, உப்பைச் சுவருக்குள் தேக்கும். சில மழைக்காலம் கழிந்தபின் செங்கல்லும் சுதையும் பொரிந்து உதிரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, பல நாள் புளிக்க வைத்து அரைத்த காரைக்குக் கூலி மிகுதி, நாளும் மிகுதி. கும்பாபிஷேக நாள் குறித்தபின் அவ்வளவு பொறுமை எவருக்கும் இருப்பதில்லை.

செலவு மிகக் குறைந்த காப்பு ஒன்றும் உண்டு, அது நிழற்படம். பாண்டிச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950களின் நடுவிலிருந்து தமிழகத்துக் கோயில் தோறும் சென்று படம் எடுத்து, ஊர்வாரியாகத் தொகுத்து வைத்தனர். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் எழுந்தருளியிருந்த நடராசத் திருமேனியை 1994இல் அவர்கள் படம் எடுத்தனர். பின்னர் அது களவு போயிற்று. 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட விலை கொடுத்து அத்திருமேனியை வாங்கியது. விற்றவர் காட்டிய உடைமைச் சீட்டு பொய்யாகப் புனைந்தது. கோயிலில் எடுத்த பழைய படத்தையும் கலைக்கூடத்துத் திருமேனியையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, தழும்பும் தேய்வும் ஒன்றாகவே இருந்தன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் புதுதில்லிக்கு வந்து அத்திருமேனியைத் தாமே ஒப்படைத்தார்.